எண்ணெய் தாங்கிய கூரை

தாராவியில் கடை போட இடம் தேடி அலைந்தவர்கள் எத்தனையோ பேர். டிராக்டரின் வாய்க்குள் கடை போட்டவர் காசிம் ஒருவர்தான்.

வாய் என்றால் நிஜமாகவே வாய். கீழே ஒரு தாடை, மேலே ஒரு தாடை, இரண்டிலும் வரிசையாக இரும்புப் பல். குப்பையையும் இடிந்த சுவரையும் கவ்வி அள்ளுவதற்காக டிராக்டருக்கு முன்னால் மாட்டுகிற சாமான் அது. சந்தில் அதற்குப் பெயர் பஞ்சா. தோல் பை பட்டறை வைத்திருக்கும் கரீம் பாட்சாவுக்குச் சொந்தம். டிராக்டரும் அவருடையதுதான். பெரிய வண்டி நுழையாத சந்துகளில் குப்பை அள்ளுவதற்கென்று அந்தக் குட்டி டிராக்டரை வாங்கியிருந்தார். அதன் முகத்தில் ஒரு நாள் பஞ்சாவை மாட்டலாம், மறுநாள் அதைக் கழற்றிவிட்டுச் சுழலும் துடைப்பத்தை மாட்டலாம்.

குளிர்காலத்தில் ஒரு பெரிய மனிதர் சந்தின் சுத்தத்தைப் பார்க்க வருகிறார் என்று பேச்சு அடிபட்டது. டிராக்டர் ஓட்டும் இசக்கிதுரை அவசர அவசரமாகப் பஞ்சாவைக் கழற்றித் துடைப்பத்தை மாட்டினான். அவசரத்துக்குக் காரணம் பெரிய மனிதர் இல்லை. அன்று அவன் வீட்டில் நெத்திலிக் குழம்பு. முறைப்படி பார்த்தால், பஞ்சாவின் வாயை மூடித் தரையில் படிய வைக்க வேண்டும். இன்ஜினை அணைத்து, லீவரை இரண்டு பக்கமும் ஆட்டி, எண்ணெய்க் குழாய்க்குள் இருக்கிற அழுத்தத்தை இறக்க வேண்டும். அதற்கப்புறம்தான் குழாயைக் கழற்ற வேண்டும். இசக்கி வாயைத் திறந்தது திறந்தபடி விட்டுக் குழாயைப் பிடுங்கிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான்.

பெரிய மனிதர் கடைசிவரை வரவில்லை. நெத்திலிக் குழம்பு நன்றாக இருந்தது. பஞ்சா சந்தின் மூலையில் ஆவென்று வாயைப் பிளந்தபடி கிடந்தது.

அந்தச் சந்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு பொருள் சில நாள் அசையாமல் கிடந்தால் அது பொருள் இல்லை, இடம். முதலில் ஒரு கோழி வந்து உட்கார்ந்தது. கோழியைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டுக் காசிம் உட்கார்ந்தார்.

காசிம் குக்கர் ரிப்பேர்க்காரர். தோளில் பையை மாட்டிக்கொண்டு, லேபர் கேம்ப் பகுதியில் கூவ ஆரம்பித்து மாட்டுங்காவில் தொண்டை கட்டி நிற்பவர். கேஸ்கெட் மாற்றுவார், விசில் மாற்றுவார், ஆடும் கைப்பிடியை முறுக்குவார். அந்த நடையில் முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. இப்போதுதான் முதல் முறையாக அவர் ஒரு இடத்தில் உட்கார்ந்து தொழில் செய்தார், ஜனங்கள் அவரைத் தேடி வந்தார்கள். மேல்தாடை கூரை. பற்களில் குக்கர் மூடிகள் தொங்கின. ஒரு பக்கமாக வந்த எண்ணெய்க் குழாயில் சட்டையையும் சோற்று டப்பாவையும் மாட்டிக்கொண்டார். 'காசிம், பஞ்சாவுக்கு உள்ளே' என்று முகவரி எழுதிய பார்சல்கூட வந்து சேர்ந்தது. அந்தப் பார்சல் அட்டையை அவர் கிழித்துப் போடவில்லை.

தாராவியில் கூரை என்று ஒன்று இருந்தால் அதன்மேல் மாடி வராமல் இருக்காது. மேல்தாடையின்மேல் பலகை அடித்து, யாரும் வந்து வாங்காத பழைய குக்கர்களை மூட்டை மூட்டையாக அடுக்கினார் காசிம். மிச்ச இடத்தில் அவருடைய மச்சான் முகம்மது ஹனீப் குடியேறினார். ஹனீப்புக்கு ஐரோலியில் ராத்திரி காவல் வேலை. பகலெல்லாம் தூக்கம். ஏணி வைத்து ஏறி, திரை போட்டுப் படுத்துவிடுவார்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சந்து முனையில் ஒரு பழைய சுவர் சரிந்து, நாலா என்கிற பெரிய சாக்கடைக்குள் விழுந்தது. சாக்கடைத் தண்ணீர் அப்படியே நின்றுவிட்டது. மாகிம் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. சாயங்காலத்துக்குள் மழை. அடைப்பை எடுக்காவிட்டால் சந்து முழுக்க வீட்டுக்குள் தண்ணீர் புகும். முதலில் நனைவது கரீம் பாட்சாவின் பட்டறையில் தைத்து அடுக்கியிருக்கும் பைகள்.

துடைப்பத்தை வைத்தே ஒரு கை பார்த்தார்கள். துடைப்பம் சேற்றை அள்ளவில்லை. சந்தில் இருந்த எல்லோருக்கும் ஏற்றத்தாழ்வு இல்லாமல் பங்கு வைத்தது. கரீம் பாட்சாவின் மனைவி நஜ்முன்னிசா முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "போதும். போய் அந்தப் பஞ்சாவ எடுத்துட்டு வாங்க."

கரீம் பாட்சா பஞ்சாவின் முன்னால் வந்து குனிந்து, வாய்க்குள் எட்டிப் பார்த்தார்.

"காசிமு, பஞ்சா வேணுமேப்பா."

"அதுக்கென்ன பாய், ஒங்க சாமான். எடுத்துக்கிடுங்க," என்றார் காசிம், மரியாதைக்கு. கேஸ்கெட்டைக் கீழே வைத்த பிறகுதான் யோசித்தார். "அப்பம் என் கடை?"

"கடையோட சேத்து மாட்ட முடியுமான்னு இசக்கிட்ட கேக்கேன்."

"மாட்டிரலாம் மொதலாளி," என்றான் இசக்கி. "நாலாக்குள்ள முங்கும்போது மட்டும் காசிம் பாய் மூச்சப் புடிச்சுக்கிடணும்."

காசிம் சிரிக்கவில்லை. தோள்பை எங்கே இருக்கிறது என்று அவர் கண் தேடியது. அதைப் பார்த்து நான்கு மாதமாகிறது.

இந்த முறை துடைப்பத்தை முறைப்படி கழற்றினான் இசக்கி. தரையில் படிய வைத்தான், இன்ஜினை நிறுத்தினான், லீவரை அப்படியும் இப்படியும் ஆட்டினான். குழாய் வாழைப்பழத் தோல் மாதிரிக் கழன்று வந்தது. ஆனால் தரை என்பது அந்தச் சந்தில் நஜ்முன்னிசாவின் வாசலில் மட்டுந்தான் இருந்தது.

"என் வாசல்ல வச்சுட்டா நான் எப்படிலே வெளிய வர?"

"சன்னல் இருக்குல்லா லாத்தா."

பிறகு பஞ்சாவின் குழாயை டிராக்டரில் மாட்டப் போனார்கள். மாட்டவில்லை. இசக்கி கையால் அழுத்தினான். முழங்காலை வைத்து அழுத்தினான். கரீம் பாட்சா இசக்கியைப் பின்னாலிருந்து தள்ளினார். நஜ்முன்னிசா சன்னல் வழியே இறங்கி வந்து கணவரைத் தள்ளினாள். குழாய் மூன்று பேரையும் திருப்பித் தள்ளியது.

"உள்ள பிரஷர் மாட்டிக்கிட்டு," என்றான் இசக்கி, மூச்சு வாங்கியபடி. "அதான் கப்ளிங் எறங்க மாட்டேங்கு."

"என்ன பிரஷரு?" என்றார் காசிம் உள்ளிருந்து.

"எண்ணெ பாய். அன்னைக்கு வாயத் தொறந்தபடிக்கே கழட்டிட்டேம்லா. வெளிய வர வழியில்லாம உள்ளயே முட்டிக்கிட்டு நிக்கி. நீரு வேற மேல பாரத்த ஏத்திக்கிட்டே போனீரு. ஏத்த ஏத்த அது இன்னும் இறுகிக்கிட்டு."

"அப்பம் இந்தக் கூரையத் தாங்குதது?"

"அந்த எண்ணெதான்."

"இரும்பு இல்லையா?"

"இரும்பு விழுதது பாய். தாங்குதது எண்ணெ."

காசிம் தன் சட்டை தொங்கிய குழாயைப் பார்த்தார். ஒரு வெள்ளரிக்காய் கனம்கூட இருக்காது. பிறகு உட்கார்ந்தபடியே பின்பக்கமாக நகர்ந்து வெளியே வந்தார். தேய்ந்த முழங்காலோடு அவ்வளவு வேகமாக ஒரு மனிதர் நகர்ந்ததைச் சந்து அதுவரை பார்த்ததில்லை.

நீங்கள் பயப்பட வேண்டாம். இந்தக் கதையில் யாருக்கும் அடிபடாது. காசிமுக்கு அப்போது அது தெரியாது, அவ்வளவுதான்.

சரியாக அந்த நேரத்தில் மாட்டுங்காவிலிருந்து அகிலாண்டம் மாமி வந்து சேர்ந்தார், குடையும் துணிப்பையுமாக.

"காசிம், என் குக்கர் ஆச்சோ?"

"நேத்தே ஆச்சு மாமி. உள்ள இருக்கு."

"எடுத்துக் குடுங்கோ. சாயங்காலம் முலுண்ட்லேர்ந்து மாட்டுப்பொண் வரா."

"உள்ள போவ முடியாது மாமி. கூரை எண்ணெயாம்."

மாமி கூரையைப் பார்த்தார், காசிமைப் பார்த்தார். "எண்ணெயோ நெய்யோ, நேக்கு என் குக்கர் வேணுமாக்கும். அது கைக்கு வராம நான் இங்கேர்ந்து நகரப் போறதில்லே."

இசக்கி டிராக்டர் பெட்டியிலிருந்து ஒரு ஆணியும் சுத்தியலும் எடுத்து வந்தான். "கப்ளிங் முனையில ஆணிய வச்சு ஒரு தட்டு. எண்ணெ பீச்சிரும், பிரஷர் போயிரும். ஒரு நிமிசம்."

சுத்தியல் ஓங்கப்பட்டபோது காசிமின் தொண்டை, கூவிப் பழகிய தொண்டை, தானாகத் திறந்தது.

"நிறுத்துலே!"

சந்து முழுக்க நின்றது. தூரத்தில் ஒரு தையல் இயந்திரமும் நின்றது.

"விசிலத் தூக்காம மூடியத் தொறக்கியா நீ? ஆவிக்கே மொகம் வெந்து வந்த பொம்பளையளப் பாத்தவன் நான். இது இத்தன பாரத்தத் தூக்கிக்கிட்டு நிக்க எண்ணெ. பீச்சுனா ஊசி மாதிரி ஒன் தோலுக்குள்ள எறங்கும். கண்ணுல பட்டா கண்ணு போச்சு. அந்தாக்குல தாடையும் தடால்னு விழும்."

"பின்ன என்ன செய்யச் சொல்லுதீரு? மழை வருது பாய்."

"மொதல்ல மேல இருக்க பாரத்த எறக்கு. கீழ ஒரு ஈ எறும்பு இருக்கப்பிடாது. பொறவு மெதுவா, சொட்டுச் சொட்டா விடு. தாடை தானா எறங்கட்டும்."

குக்கரைத் திருப்பித் தரும்போது ஒவ்வொருவரிடமும் இத்தனை வருடம் அவர் சொன்னது இதைத்தான். ஆகையால் நாக்கு தடுமாறாமல் வந்துவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான், தன் கடையைத் தானே மூடச் சொல்லியிருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. வாயைத் துடைத்துக்கொண்டார்.

பாரம் இறக்க ஆரம்பித்தார்கள். ஒரு நீளக் கம்பால் உள்ளே தொங்கிய மூடிகளையும் குக்கர்களையும் வெளியே இழுத்தார்கள். மேலே இருந்த மூட்டைகளை அவிழ்த்து ஒவ்வொன்றாகக் கீழே தந்தார்கள். எங்கே வைப்பது? சந்தில் இடம் இல்லை. வாங்கியவர்கள் வாங்கியபடியே நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் சந்தின் இரண்டு பக்கமும் ஆணும் பெண்ணும் ஆளுக்கொரு குக்கரை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு சிலர், இடுப்பில் பிள்ளை இருக்கிற ஞாபகத்தில், லேசாக ஆட்டவும் செய்தார்கள்.

"அது என்னோடது! கறுப்புக் கைப்பிடி!" என்று மாமி பாய்ந்து தன் குக்கரை வாங்கிக்கொண்டார். வாங்கியவர் போகவில்லை. நடப்பதைப் பாதியில் விட்டுப் போக அவருக்கு மனசில்லை.

இப்போது மாடியில் மிச்சம் ஹனீப் மட்டும்.

"மச்சான், எந்திரிங்க!" என்று காசிம் பலகையைத் தட்டினார். குறட்டை. நஜ்முன்னிசா இரண்டு மூடிகளை மோதி ஓசை எழுப்பினாள். குறட்டை கொஞ்சம் கூடியது.

"மேலதிகாரி குரலுக்குத்தான் எந்திரிப்பாரு," என்ற இசக்கி தொண்டையைச் செருமிக்கொண்டு, வந்த வண்டிக்குக் கேட்டைத் திறக்கச் சொல்லி இந்தியில் கத்தினான்: "ஏ ஹனீப்! காடி ஆயி! கேட் கோல்!"

ஹனீப் படுத்தபடியே வலது கையை நெற்றிக்குக் கொண்டுபோய் சலாம் அடித்தார். பிறகு இடது கையால் இல்லாத ஒரு தடுப்புக் கம்பைத் தூக்கினார். கண்ணுக்குத் தெரியாத கார் உள்ளே போகும்வரை தூக்கியபடியே வைத்திருந்தார். இறக்கினார். புரண்டு படுத்தார்.

"கார் பெரிய கார் போலிருக்கு," என்றார் மாமி.

காற்றில் மண்வாசனை வந்துவிட்டது. கரீம் பாட்சா பட்டறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். காசிம் அவர் முகத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

"அவரு அப்படியே எறங்கட்டும். ஆனா மெதுவா விடணும், கேட்டியாலே? பிள்ளைய தொட்டில்ல போடுத மாதிரி."

தாடைக்கு அடியில் யாரும் இல்லை என்று காசிம் மூன்று தடவை குனிந்து பார்த்தார். மூன்றாவது தடவை அந்தக் கோழி இருந்தது. அதையும் சமாதானப்படுத்தி அனுப்பினார். விழுந்தாலும் தடுக்கட்டும் என்று இரண்டு பெரிய மரக்கட்டைகளை ஓரத்தில் செருகினார்கள். இசக்கி குழாயின் அடி நட்டில் தடிச் சாக்கைச் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஸ்பானரால் ஒரு நூல் அளவு தளர்த்தினான்.

உஸ்ஸ்ஸ்.

அந்தச் சத்தம் காசிமுக்குத் தெரிந்த சத்தம். சாக்கு நனைந்தது. எண்ணெய் சொட்டியது. "ஏனம்! ஏனம்!" என்று இசக்கி கத்த, சந்தில் நின்ற அத்தனை பேரும் ஆளுக்கொரு குக்கரை நீட்டினார்கள். மாமி மட்டும் தன்னுடையதை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

தாடை இறங்கியது. ஒரு பல் அளவு, இன்னொரு பல் அளவு. மரக்கட்டையைத் தொடும் முன் நட்டை இறுக்கி நிறுத்தினார்கள், கட்டைகளைக் கம்பால் தள்ளி எடுத்தார்கள், நட்டைத் தளர்த்த மறுபடியும் இறங்கியது. திரை, பலகை, தலையணை, குறட்டை எல்லாம் சேர்ந்து ஒரு ராஜா பல்லக்கிலிருந்து இறங்குவது போல இறங்கின. காசிம் உட்கார்ந்த இடம் சுருங்கிச் சுருங்கி, ஒரு குக்கர் நுழையும் அளவு ஆகி, ஒரு கேஸ்கெட் நுழையும் அளவு ஆகி, மூடிக்கொண்டது. காசிம் அதைக் கண் எடுக்காமல் பார்த்தார். நஜ்முன்னிசா அவரைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த குக்கரை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

சத்தம் நின்றதும் ஹனீப் விழித்தார். வழக்கம்போல் காலை வெளியே நீட்டி ஏணிப்படியைத் தேடினார். பாதத்தில் தரை பட்டது.

"எவம்லே ஏணிய முழுங்குனது?"

அவரையும் திரையையும் பலகையையும் இறக்கி ஓரத்தில் வைத்தார்கள். இசக்கி நட்டை முறுக்கிவிட்டுக் குழாயை எடுத்து அழுத்தினான். டக். அவ்வளவுதான். அரை நாளாக மூன்று பேரைத் தள்ளிய குழாய் ஒரு விரலுக்குப் பணிந்துவிட்டது.

டிராக்டர் பஞ்சாவைத் தூக்கிக்கொண்டு சந்து முனைக்குப் போனது. கரீம் பாட்சா பின்னாலேயே ஓடினார். மற்றவர்கள் போகவில்லை. எல்லோரும் பஞ்சா இருந்த மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அங்கே தரை இருந்தது. வெறும் தரை. ஒன்றும் இல்லாத தரை.

தாராவியில் பிறந்து வளர்ந்தவர்களில் பாதிப் பேர் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றினார். ஒருவர் மெதுவாகக் கால் வைத்தார். அவர் கையில் ஒரு ஸ்டூல் இருந்தது. எப்போது வந்தது, எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. இன்னொரு பக்கத்திலிருந்து பானிபூரிக் கூடை ஒன்று நகர்ந்து வந்துகொண்டிருந்தது.

காசிமின் முழங்கால் அந்த வேகத்துக்கு வராது. அவர் ஒரு எட்டு வைப்பதற்குள் அகிலாண்டம் மாமி நேரே நடுவில் போய்க் குக்கரை வைத்து, அதன்மேல் குடையை விரித்து, பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏ ஆன்ட்டி, ஏ ஜகா கிஸ்கா ஹை?" என்று, இடம் யாருடையது எனக் கேட்டார் ஸ்டூல்காரர்.

"காசிம் கா," என்றார் மாமி. "விசில் சரியா வரதான்னு பாக்கறவரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன். கேட்டேளா?"

மழை வந்தது. யாரும் ஓடவில்லை. கையில் இருந்த குக்கரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றார்கள். சந்து முழுக்கத் தகரத்தில் மழை கொட்டுகிற சத்தம். முனையில் பஞ்சா கவ்வியது, தூக்கியது, எறிந்தது. நாலா ஒரு பெரிய ஏப்பம் விட்டுத் திறந்துகொண்டது. பட்டறைப் படி வரை வந்த தண்ணீர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பிப் போனது.

மழை விட்டபின் டிராக்டர் சேறும் சகதியுமாகத் திரும்பி வந்தது. மாமி எழுந்து வழிவிட்டார். இசக்கி பஞ்சாவை அதே மூலையில் தரையில் படிய வைத்தான். வாய் மூடியிருந்தது. லீவரில் கை வைத்துக்கொண்டு அவன் காசிமைப் பார்த்தான்.

காசிமும் அவனைப் பார்த்தார். கேட்டால் இசக்கி செய்துவிடுவான். திறந்தபடி விட்டுவிட்டுக் குழாயைப் பிடுங்கிவிடுவான். மறுபடியும் கூரை, மறுபடியும் பற்களில் மூடி, மறுபடியும் முகவரி. இல்லையென்றால் நாளைக் காலை லேபர் கேம்பில் ஆரம்பிக்க வேண்டும்.

"தொறந்து வைக்கணுமா பாய்?" என்று இசக்கியே மெல்லக் கேட்டான். "நீரு சொன்னா வைக்கேன். பொறவு எனக்குத்தான் ஒறக்கம் வராது."

காசிம் தன் முழங்காலை ஒருமுறை தடவிக்கொண்டார். "மூடியே இருக்கட்டும்லே," என்றார் கடைசியில். "லீவர ரெண்டு பக்கமும் நல்லா ஆட்டிரு. ஒரு சொட்டு பிரஷர் உள்ள இருக்கப்பிடாது. பொறவு கழட்டு."

இன்ஜின் நின்றது. லீவர் ஆடியது. குழாய் சத்தமே இல்லாமல் கழன்றது. காசிம் திரும்பி ஸ்டூல்காரரிடம் தன் தோள்பையைப் பார்த்தீர்களா என்று கேட்கப் போனார்.

"எங்க போறீங்க?" என்றாள் நஜ்முன்னிசா. இடுப்பிலிருந்த குக்கரை மூடிய பஞ்சாவின் முதுகில் டங்கென்று வைத்தாள். "அசையாமக் கெடக்குல்ல? அப்பம் எடந்தானே?"

கரீம் பாட்சா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பஞ்சா வேணும்னா சொல்லுதேன், எந்திரிச்சுக்க. வேல முடிஞ்சா கொண்டாந்து இதே எடத்துல வைப்பேன். வாய மூடித்தான்."

ஒவ்வொருவராக வந்து குக்கரை இறக்கி வைத்தார்கள். இத்தனை நேரம் வைத்திருந்ததில் சிலருக்குக் கொடுக்க மனமில்லை. மாமி குடையைக் கம்பியில் கட்டிக் காசிமின் தலைக்கு மேல் நிறுத்தினார். காசிம் பஞ்சாவின்மேல் ஏறி உட்கார்ந்தார். அன்று காலைவரை தலைக்கு மேல் இருந்த இரும்பை உள்ளங்கையால் ஒருமுறை தட்டிப் பார்த்தார். பிறகு மாமியின் குக்கரை வாங்கி, வழக்கம்போல விசிலைத் தூக்கிப் பார்த்து, "உள்ள சத்தம் நின்ன பொறவுதான் மூடியத் தொறக்கணும் மாமி," என்று நீட்டினார்.

"தெரியும்," என்றார் மாமி. "இன்னிக்குக் கண்ணால பாத்தேனே."

ஹனீப் மட்டும் கோபம் தீராமல் நின்றார். மாடிக்காரனைக் கீழ்வீட்டுக்காரனாக்கிவிட்டீர்கள் என்று எல்லோரிடமும் முறையிட்டார். பிறகு ஏணியைத் தேடிக் கண்டுபிடித்து, பஞ்சாவை ஒட்டித் தரையில் படுக்கை வசமாகப் போட்டார். ஒவ்வொரு படியாகக் கால் வைத்து, கம்பைப் பிடிப்பதுபோல் கையையும் மாற்றி மாற்றி வைத்து, ஏணி முழுவதும் ஏறி முடித்தார். காசிமின் முதுகுப் பக்கம் திரையை இழுத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

"மச்சான்," என்றார் திரைக்குள்ளிருந்து, "காத்து முன்ன மாதிரியேதான் வருது."